அசையாமல் நின்ற குதிரை

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கேட்டாலே வேர்த்துவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றபோது வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட என்னையும் ஒரு காலத்தில், போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் எல்லோருக்கும் தெரியும். மாமாவின் குதிரை என் பேச்சைக் கேட்கும் என்பதுதான் காரணம்.

அம்மாவின் தம்பியான மாமா ஜட்கா வண்டி ஓட்டினார். அந்தப் பக்கத்துக்கே அப்போது அது ஒன்றுதான் வண்டி. செம்பட்டை நிறப் பெண் குதிரை, மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது. வயிற்றில் பட்டை கட்டிக் கிரேனில் தொங்கவிட்டு அதை இறக்கியபோது மாமா கீழே நின்று அழுதார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். ஜெட்டியில் சுமை தூக்குகிறவர்கள் அவரைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, குதிரை ஒன்ன இழுக்குதா, நீ குதிரைய இழுக்கியா?"

"ஒன் பொண்டாட்டிய ஏத்துனா ரெண்டு பேரும் சேந்துதாம்லே இழுக்கணும்!" என்பார் மாமா.

கேலி செய்கிறவர்களும் வீட்டில் அவசரம் என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். பிரசவத்துக்குப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள் ஜெட்டி வரை அந்த வண்டியில்தான் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை மாட்டு டாக்டர் ஃபெர்ரியில் வந்து குதிரையைத் தொட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் வண்டியின் பின்பலகையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு வட்டம் போடுவார். வங்காளிகளும் தெலுங்கர்களும் நம்மவர்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, அந்த வட்டம் புதிதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

அந்த வருஷம் மேளாத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது குதிரையின் வலது தோள் கன்றிப்போயிற்று. பட்டை அழுத்தியதால் வந்தது. தோல் கிழியவில்லை. மாமா இரண்டு நாள் உப்பு மூட்டை ஒத்தடம் கொடுத்ததில் வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் கை பட்டால் மட்டும் குதிரை துள்ளியது. டாக்டர் வருகிற நாளும் நெருங்கிவிட்டது; அவர் பார்த்தால் ஒரு மாதம் வண்டியில் பூட்டக்கூடாது என்பார். மேளாவில் ஓடினால்தான் மாமாவுக்கு அந்த வருஷம் கழியும்.

"மாப்ள, நீ அவ மூஞ்சிகிட்ட நில்லு, போதும். நீ நின்னா அவ அசைய மாட்டா. மேளா முடியட்டும், அப்புறம் ஒரு மாசம் வண்டியில பூட்டாம ச்சுட்டி குடுத்துருவோம்" என்றார்.

பெரியவர் ஒருவர் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் படவில்லை.

நான் அதன் மூக்கோடு மூக்கு வைத்து மெல்ல ஊதினால் போதும், குதிரை சிலை மாதிரி நின்றுவிடும். யாரும் சொல்லித் தந்ததில்லை. மனிதர்களோடு பேச வராததால் அதோடு இப்படிப் பழகியிருந்தேன்.

டாக்டர் வங்காளி. ஜெட்டியில் கூட்டம் சுற்றி நிற்க, குளம்பைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தோளை அழுத்தினார். நான் ஊதிக்கொண்டிருந்தேன். குதிரையின் மூச்சு விட்டு விட்டுச் சூடாக என் முகத்தில் அடித்தது. அதன் முன்னங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். இன்னும் பலமாக ஊதினேன். அது நின்றது.

"தர்த் நஹீ?" என்று கேட்டார். வலி இல்லையா என்றுதான்.

"நஹீ சாப், ஏக்தம் டீக்" என்றார் மாமா, எல்லாம் சரியாக இருக்கிறது என்று.

டாக்டர் என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வட்டம் போட்டார். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அன்றைக்கு மட்டும் எனக்கு வேர்க்கவில்லை.

மேளாவின் மூன்றாம் நாள், ஜெட்டிக்கு இறங்குகிற சரிவில், பின்னாலிருந்து தள்ளிய பாரத்தைத் தாங்க முடியாமல் குதிரை முட்டி போட்டு விழுந்தது. வண்டியில் ஒரு கொத்தனாரும் நிறைமாதமாக இருந்த அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கை முறிந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. மனைவியைத் தூக்கி ஃபெர்ரியில் ஏற்றிவிட்டு, கொத்தனார் திரும்ப ஓடி வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பின்பலகையில் இருந்த வட்டத்தின் மேல் கையை வைத்தார்.

"இதப் பாத்துத்தானே அண்ணாச்சி ஏத்துனேன்" என்றார். அவ்வளவுதான். ஃபெர்ரி சங்கு ஊதவும் ஓடிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஜெட்டியில் இறங்கியவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்தே போனார்கள். யாரும் கேலிகூடச் செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே டாக்டர் வந்தார். நேராகக் குதிரையிடம் போனார். நான் வழக்கம்போல ஓடிப்போய்க் குதிரையின் முகத்தருகே நின்றேன். டாக்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூரத்தில் இருந்த தென்னை மரத்தைக் காட்டினார்.

"தும் உதர் ஜாவ்."

நான் மாமாவைப் பார்த்தேன்.

"போ மாப்ள" என்றார் தலையைத் தூக்காமல்.

போனேன். குதிரை கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தது. டாக்டர் இந்த முறை அழுத்தவில்லை. தோளில் கையை வைத்தார், அவ்வளவுதான். குதிரை கத்திற்று. அதற்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. உடம்பு முழுக்கத் தோல் சுருங்கி நடுங்க, கயிற்றை இழுத்துக்கொண்டு ஒதுங்கியது. டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிவந்து மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாழ்க்கையில் அன்றுதான் அத்தனை பேர் முன்னால் சத்தமாகப் பேசினேன்.

"பாத்தீங்களா மாமா! நான் பக்கத்துல இருந்தா அவ கத்தவே மாட்டா!"

மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோற்றுப்போனதற்காகத்தான் அப்படி உட்கார்ந்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பிரித்ததால்தான் அது கத்தியது என்றும் நினைத்திருந்தேன். நான் தள்ளி நின்ற பிறகுதான் அதனால் வலியைச் சொல்ல முடிந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.