அண்ணனுக்குச் சொன்ன வாசனைகள்

ரொட்டிக்காரர் கூடையை இறக்கும்போதே, "பட்லர் ஞானமுத்து போயிட்டாரு, தெரியுமா?" என்றார். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான், "ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!" என்று திட்டிவிட்டேன். பாவம், அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தல்லாகுளம் பங்களாக்களில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் ஞானமுத்து அண்ணனின் மூக்கைப் பற்றித் தெரியும். பாட்டிலைத் திறந்ததுமே, இந்த ஒயினுக்கு இந்தக் கறி என்று சொல்லிவிடுவார். துரை வீட்டில் அவர் பட்லராகவும் நான் சமையல்காரனாகவும் இருந்த கடைசிச் சில வருடங்கள் அந்த மூக்கு செத்துக் கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். விஷக்காய்ச்சலிலிருந்து தேறி வந்தவர், அடிபிடித்துக் கருகிய பாலுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "கருகுன வாடை வரலையாண்ணே?" என்று கேட்டேன். "வெளிய சொல்லிராதப்பா. மூக்குப் போச்சுன்னா பொழப்பும் போச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் மூன்று பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள்.

அன்றிலிருந்து நான் அடுப்படியில் முகர்ந்து சொல்வேன். அவர் மேசையில் போய்ச் சொல்வார். நான் குடிக்காதவன். விரதம் வாய்க்குத்தானே, மூக்குக்கு இல்லையே! ஒருமுறை, ஷார்டனே திராட்சையில் செய்து ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்த வெள்ளை ஒயினை நீட்டினார். "உருக்குன வெண்ணெய்ண்ணே. தேங்காயச் சுட்ட மாதிரியும் இருக்கு. கொஞ்சம் மரவாடை" என்றேன். புளிப்பும் கனமும் அவர் நாக்குக்குத் தெரியும். ஒரு வாய் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் புளி, மிளகா ஆகாது. விரால வெண்ணெயில வாட்டித் தேங்காப்பால் ஊத்து" என்றார். துரை இரண்டாம் முறையும் கிளாஸை நீட்டினார்.

யுத்தம் தொடங்கிச் சரக்கு வரத்து நின்றபின், அதில் ஒரே பாட்டில்தான் மிஞ்சியது. பெரிய விருந்தாளி ஒருவருக்கென்று அதை எடுத்த நாள் வெள்ளிக்கிழமை. புதிதாக வந்த வேலைக்காரம்மா, தன் வீட்டில் செய்வதுபோலவே சாப்பாட்டு அறையில் சாம்பிராணி போட்டுவிட்டார். புகை அடங்கியிருந்தது, வாசம் அடங்கவில்லை. வாசலில் கால் வைத்த எவருக்கும் தெரிந்திருக்கும். அண்ணன் நேரே போய் ஊற்றிவிட்டார். முகர்ந்த துரை, ஒயின் வாசம் சாம்பிராணியில் அமுங்கிப்போனதைக் கண்டு கிளாஸை ஓங்கி வைத்து, "உனக்கு மூக்கு இல்லையா?" என்று கேட்டார்.

நான் ஓடிப்போய், "சாம்பிராணி போடச் சொன்னது நாந்தான் தொரை. மேசைய வராண்டாவுல போடுன்னு பட்லர் சொன்னாரு, நாந்தான் கேக்கல" என்றேன். மேசை வராண்டாவுக்குப் போனது. எனக்கு விழுந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

அண்ணன் அடுப்படிக்கு வந்து அழுதார். "ஏம்ப்பா ஒம் பேரக் கெடுத்துக்கிட்ட?"

"சமையக்காரன் ஆயிரம் தப்புப் பண்ணலாம்ணே. ஒங்களுக்கு இந்த ஒரு தப்பு ஆகாது."

வேலை தப்பியது. மூன்று பெண்களையும் கரையேற்றிவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார்.

நேற்று அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என்னையறியாமல் குனிந்து, "மல்லிகைண்ணே. காலையில கட்டுனது, லேசா வாடிருச்சு. மெழுகுவத்தி. அப்புறம் புதுப் பலகை" என்று சொல்லிவிட்டேன். அவருடைய மூத்த மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். எது மணத்தாலும் வாய் தானாகத் திறக்கிறது. சொல்லி முடித்த பிறகுதான், கேட்க அண்ணன் இல்லையே என்று நினைவு வருகிறது.