கூரையைப் பிரித்தவரின் லேப்டாப்

ஓய்வுபெற்ற ஹவில்தார் அருணகிரிக்கு எண்பது வயது. புத்தி வருவதற்கு அது போதாது என்பது அவர் மனைவி சந்திரமதியின் கணிப்பு.

1975-இல் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் குடியேறிய புதிதில், சென்னையிலிருந்து கூரைத் தகரம் வருகிறது என்று கேள்விப்பட்டதுமே, இந்த மனிதர் வீட்டின் ஓலைக் கூரையைப் பிரித்து எரித்தே விட்டார். கப்பல் வர இருபது நாளாயிற்று. அத்தனை நாளும் மழை. அவள் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்தாள்.

நேற்று, மகன் கொடுத்த லேப்டாப் மந்தமாக இருக்கிறதென்று, உள்ளே இருந்ததை ஒன்று விடாமல் அழித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். புது விண்டோஸை முதலில் பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதையெல்லாம் படிக்க மகாவீரருக்குப் பொறுமை ஏது? இந்த ஊர் நெட்டில் அதை இறக்குவதற்குள் இன்று நட்ட தென்னை காய்த்துவிடும். போர்ட் பிளேரிலிருந்து யாராவது கப்பலில் கொண்டுவந்தால்தான் உண்டு.

"சந்திரா, அடுத்த ஜஹாஸ் எப்போ வருதுன்னு விசாரி" என்றார், கறுத்த திரையைப் பார்த்தபடி.

"நாப்பது வருஷம் முன்னாடியும் இதையேதான் கேட்டீங்க" என்றவள், பரணிலிருந்து பழைய குடையை எடுத்து லேப்டாப்பின் மேல் விரித்து வைத்தாள்.