மச்சான் பாஸில் ஏ குரூப்

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். எங்கள் டியூட்டி டாக்டருக்கு ரத்தத்தைவிடக் காகிதத்தின் மேல் நம்பிக்கை அதிகம். முத்திரை குத்திய காகிதம் என்றால் பக்தியே உண்டு.

ஒரு மதியம், ஹார்பரில் மூட்டைகள் சரிந்து தொடை நசுங்கிய தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு நினைவில்லை. சட்டைப் பையில் ஹார்பருக்குள் நுழைய விடும் கேட் பாஸ். அதில் பி குரூப் என்று போட்டிருந்தது. புகைப்படம், யார் பார்த்தாலும் தன் சொந்தக்காரர் என்று நினைக்கும் அளவுக்கு மங்கியிருந்தது. உடனே பி ரத்தம் ஏற்றச் சொன்னார் டாக்டர்.

எதற்கும் இருக்கட்டும் என்று பீங்கான் ஓட்டில் அவர் ரத்தத்தைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். ஏ குரூப்பைக் காட்டும் சீரத்தில் ரத்தம் திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகச் சேர்ந்தது. பி சீரத்தில் ஒன்றுமில்லை. ஆள் ஏ குரூப். பாவம், ரத்தச் செல்லுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. உருவாகும்போதே சர்க்கரைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கோத்து, தான் ஏ-யா பி-யா என்பதைத் தன் மேல்தோலில் நிறுத்திவிடும். யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. வேறு சர்க்கரையோடு ஒரு செல் உள்ளே வந்தால் உடம்பு அதை அடித்து உடைக்கும். அந்தச் சண்டையில் ஆளே போய்விடலாம்.

பாஸ் தப்பாக இருக்குமா என்று டாக்டர் என்மேல் பாய்ந்தார். அதற்குள் அடிபட்டவரின் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அது எங்க அண்ணன் பாஸு சார். அதுக்கு ஜொரம், இவரு அது பேர்ல வேலைக்குப் பூட்டாரு. வெளிய சொல்லிடாத சார், அண்ணனுக்கு வேலை பூடும்."

ஹார்பர் குடும்பங்களில் இது சகஜம். நான் டாக்டரிடம் திரும்பி, பி-தான் ஏற்றவேண்டும் என்றால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவருடைய தைரியம் அங்கேயே தீர்ந்தது. ஏ ரத்தம் ஏறியது. ஆள் பிழைத்தார்.

மறுநாள் டாக்டர் அந்த பாஸில் பி-யை அடித்து, ஏ என்று திருத்தி, இந்தமுறை மகிழ்ச்சியாகக் கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்தினார். அண்ணனின் வேலையை நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

ஜுரம் விட்டதும் அண்ணன் அதே பாஸோடு வேலைக்குத் திரும்பினார். தேடிப்போய், அவருடைய பி இப்போது பாஸில் ஏ ஆகிவிட்டதைச் சொன்னேன். மறுபடி திருத்தினால் கேட்டில் கேள்வி வரும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் ஹார்பரிலிருந்து யாரைத் தூக்கி வந்தாலும், பீங்கான் ஓட்டை எடுக்கும் முன்னே ஓடிப்போய், அந்த அண்ணனா என்று முகத்தைப் பார்ப்பேன். எனக்கு லீவு நாட்களும் உண்டு என்பதுதான் பயம்.