ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். பெரியவள் வாயாடி, சின்னவள் ஊமைக்கோட்டான். வளைகுடாவில் இருந்த ஏழெட்டு வருஷமும் என்னோடு அறையில் தங்கியிருந்தவர்களிடம் இப்படித்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதை எழுதவே கை கூசுகிறது.

அங்கே தண்ணீர் கேன் ஏற்றும் வேன் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. ஜும்மா தொழுது, சாப்பிட்டுவிட்டு, அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்து சிதம்பரத்துக்கு வீடியோ கால் போடுவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் நேரம் அது. பெரியவள் போனுக்கே முத்தம் கொடுப்பாள். பூனை குட்டி போட்டதைக் காட்ட ஓடுவாள், மாடியில் காயும் வடகத்தைக் காட்டுவாள், அம்மாவை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இருவருமாக என்னைக் கலாய்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் அடுத்த வெள்ளி வரைக்கும் ஓட்டுவேன்.

நான் முன்கோபி. படம் கொஞ்சம் ஆடினாலும் எனக்குத் தலைக்கேறிவிடும். "ஒழுங்கா புடிக்கத் தெரியாதா? ஆடுச்சுன்னா வச்சிருவேன்" என்பேன். சொன்னதோடு நிற்கவில்லை, சில தடவை நிஜமாகவே கட் பண்ணியும் இருக்கிறேன். சில நாள் திரையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் வந்து மறைக்கும். "யாரு வெரலு அது? எடுங்க, மொகமே தெரியல" என்று ஒருமுறை கத்தினேன். அதற்குப் பிறகு விரல் வரவில்லை. போகப் போகப் படம் ஆடுவதும் நின்றுவிட்டது. கத்தினால்தான் வேலை நடக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சின்னவள் மட்டும் பேசவே மாட்டாள். "அவ எங்க?" என்று கேட்டால், "இங்கதாங்க இருக்கா, அவதான்..." என்று மனைவி ஆரம்பிப்பாள். நான் முடிக்க விட்டால்தானே. "சரி விடு, அவளுக்கு அத்தா வேணாம் போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியவளிடம் தாவிவிடுவேன்.

போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். வந்த அன்றைக்கே வீடு நிறைய உறவுக்காரர்கள். பெட்டியைத் திறந்து சாக்லேட்டை எடுத்தேன். பெரியவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். சின்னவளிடமும் நீட்டினேன். "முத்தம் குடுத்தாதான் இது" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். என் கையிலிருந்த சாக்லேட்டை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டிக்கொள்ளும் பேர் அது. அக்கா தங்கை சண்டையில்கூடப் பெரியவள் அதைத்தான் சொல்லி மடக்குவாள். "அஞ்சு வெரலும் ஒண்ணாவா இருக்கு? அவள அப்புடிச் சொல்லாதீங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். நான் எங்கே கேட்டேன்.

கடலூரில் ஒரு டயர் கடையில் வேலை கிடைத்தது. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ். பெரியவள் ஓயாமல் நச்சரித்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். சின்னவளை வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் கேட்கவில்லை. கிளம்பும்போது எங்களுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே, அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே நியாயம் பேசினேன். ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் பேசினேன். நெஞ்சில் குற்றம் இல்லாதவன் எதற்கு அவ்வளவு நேரம் பேச வேண்டும்?

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து மச்சான், மனைவியின் தம்பி, வீடியோ காலில் வந்தான். பெரியவள் போனைப் பிடுங்கிக்கொண்டு புதுச் செருப்பைக் காட்டக் குதித்தாள். "தல சுத்துதுடி. சின்னவகிட்ட குடு, அவ புடிக்கட்டும்" என்றான் மச்சான்.

சின்னவள் அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள். போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல்கள் இரண்டும் கண்ணாடிமேல் படாமல் வெளியே விரிந்திருந்தன. அக்கா ஓடினால் கூடவே போனாள், அம்மா பேசினால் அம்மா பக்கம் திருப்பினாள். தன் பக்கம் ஒருமுறைகூடத் திருப்பவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியும் பெரியவளும் ஒன்றாகத் திரையில் நின்றார்களே, அப்போது போனைப் பிடித்திருந்தது யார்? அத்தனை வெள்ளிக்கிழமையில் ஒரு வெள்ளிக்கிழமையாவது இதை நான் யோசித்திருக்கலாம். அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு கட்டைவிரல். அதையும் எடு என்று கத்தியவன் நான்.

"எப்பவும் இவதானா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வேற யாரு? வெள்ளிக்கெழம ஆனா போன சார்ஜ்ல போட்டுட்டு அது பக்கத்துலயே ஒக்காந்திருப்பா. நீங்க எங்க என்னைய சொல்ல வுட்டீங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பெரியவளுக்கு அன்பு வாயிலும் கன்னத்திலும் இருக்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் அங்கேதான். சின்னவளுக்கு அது கையில் இருக்கிறது. அவளிடம் போய்க் கன்னத்தைக் கேட்டேன். கேட்டது கிடைக்கவில்லை என்றதும் பேர் வைத்தேன். இனி இழுத்து அணைத்துக்கொண்டாலும் அவளுக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் சில நாள் அவள் இருக்கும் பக்கம் போகவே வெட்கப்பட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. மாடிப்படிக்குக் கீழே, இருட்டு மூலையில் இருக்கிறது அது. பெரியவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் லைட்டு புடிக்கிறியாம்மா?" என்று சின்னவளைக் கூப்பிட்டேன். சொல்லி வாய் மூடுவதற்குள் வந்துவிட்டாள். என் போனை வாங்கி டார்ச்சைப் போட்டு, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். வெளிச்சம் நட்டின்மேல் விழுந்து அசையாமல் நின்றது. இவ்வளவு ஒட்டி அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஸ்பானரைச் சுற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டேன். "அத்தா அங்க இருந்தப்ப போன்ல ஒரு நாளும் எங்கூட நீ பேசலியே. ஏம்மா?"

அவள் வெளிச்சத்தை நட்டின்மேலேயே வைத்திருந்தாள்.

"பேசுனா கை ஆடும்" என்றாள். "ஆடுனா நீங்க வச்சிருவீங்கல்ல."

ஸ்பானர் நட்டில் உட்காரவில்லை. இரண்டு தடவை வழுக்கியது. கண் கலங்கியதில் எனக்கு நட்டே தெரியவில்லை.

"மெதுவா பண்ணுங்கத்தா" என்றாள் அவள். "நா புடிச்சிக்கிட்டே இருக்கேன்."