வாயடைத்த பன்னீர்

பூத்தோட்டத்தில் கழித்துப்போட்ட ரோஜாக்களைப் பார்த்ததும் பன்னீர் வடிக்கும் ஆசை வந்தது. இதழ்களைத் தண்ணீரோடு பழைய குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றி, விசிலைக் கழற்றிச் செம்புக் குழாயைச் செருகினேன். குழாயை ஐஸ் வாளிக்குள் சுற்றி, நுனியைப் பாட்டிலில் விட்டேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

பக்கத்து வீட்டு சரசு அக்கா ஜன்னலில் மூக்கை நீட்டினார். "என்ன தம்பி காய்ச்சுற?"

"சும்மா தண்ணிதான் அக்கா."

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தண்ணி என்றால் சாராயம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா தள்ளிப்போய் போனில் கிசுகிசுத்தார். போலீசுக்குத்தான் என்று முடிவுகட்டி, ஜன்னலைச் சாத்தினேன். வாசம் கசியாமல் பாட்டில் வாயையும் துணியால் இறுக அடைத்தேன். குக்கர் உறுமத் தொடங்கியது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் துணியைப் பிடுங்கினார். "ஆவி போக வழி வேணும்லா. வெடிச்சா மூஞ்சி இருக்காது."

"போலீசு வருதா அக்கா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்டதான் பேசுனேன். சம்சு சாராயம் காய்ச்சி மூஞ்சி வெந்தவரு. நீ ஜன்னல சாத்திட்டன்னு சொன்னதும், வாசத்த மறைக்கப் பாட்டிலையும் அடைச்சிருப்பான், ஓடிப்போய் நெருப்ப அணைன்னாரு."

முகத்தைத் தடவிப் பார்த்தேன். பெரிய அழகில்லை, ஆனாலும் கைவசம் இருப்பது அது ஒன்றுதான். அக்கா என்னைச் சந்தேகப்பட்டதால் அது தப்பியது. நான் அவரைச் சந்தேகப்பட்டதில்தான் போகவிருந்தது.