ஸ்டென்ஸ்பர்க்கில் கிளெம் ராடிகன் பார்த்த வேலை

ஸ்டென்ஸ்பர்க் தானியக் கிடங்கில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தபோது ஆர்லிஸ் ட்வெய்ட் சின்னப் பெண். லாரி எடை மேடையில் ஏறி, முள் ஆட்டம் ஓய்ந்து நிற்கும்வரை யார் பேச்சையும் அவள் நம்பியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. அதனால்தான் ஊரின் நூற்றாண்டு விழாவில் கிளெம் ராடிகனுக்குப் பலகை வைப்பது என்று முடிவானதும், அதில் எழுத வேண்டியதை விசாரித்துச் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

ராடிகன் பேஸ்பால் உலகையே ஆட்டிவைத்த மட்டைக்காரர். அமெரிக்க டகோட்டாவின் இந்தச் சின்ன ஊருக்கு அவர் வந்து போனதைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

"ஒரே அடி! பந்து கிடங்குக் கோபுரத்தத் தாண்டிப் போச்சு. எங்கப்பா கண்ணால பாத்தாரு" என்றான் மதுக்கடை டுவெய்ன்.

"அந்தக் கோபுரத்துக்குக் கான்கிரீட் ஊத்தும்போது நான் பக்கத்துல நின்னேன்டா. மனுஷன் அதுக்கு முந்தியே செத்துட்டாரு" என்றாள் ஆர்லிஸ்.

தன் தகப்பனார் ராடிகனுக்கு முடி வெட்டியதாக முடிதிருத்துபவர் மகன் லைல் சொன்னான். "அவரு தொப்பியக் கழட்டின படத்தப் பாத்திருக்கியா? முட்டைக்கு எவனாச்சும் முடி வெட்டுவானா?" என்றாள் ஆர்லிஸ். மதுக்கடையே சிரித்தது.

போகப் போகச் சிரிப்பு குறைந்தது. "ஒண்ணையாச்சும் விட்டு வைங்க ஆர்லிஸ். இப்பிடியே போனா பலகையில ஆணிதான் மிஞ்சும்" என்று மேயர் ராய்ஸ் கெஞ்சினார். அவளுக்கும் உள்ளுக்குள் வலித்தது. ராடிகன் வந்திருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு மட்டும் இல்லையா?

எல்லாக் கதையும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனது: அவர் வந்தது அக்டோபரில். மக்காச்சோள அறுவடை மாதம். அப்போது கடைத்தெருவில் யார் இருப்பார்கள்? ஆர்லிஸ் பண்ணை பண்ணையாகக் கேட்டுக்கொண்டு போனாள். லவோன் ஹாஃபின் சமையலறையில் காப்பியோடு பதில் கிடைத்தது.

லவோனின் அப்பா மெல்வினும் ராடிகனும் இளவயதில் ஒரே குழுவில் ஆடியவர்கள். பிறகு அறுவடை இயந்திரம் மெல்வினின் வலது கையைத் தின்றுவிட்டது.

"அந்த வருஷத்துலேருந்து, வருஷா வருஷம் பேஸ்பால் பருவம் முடிஞ்சதும் கிளெம் மாமா வந்துடுவாரு. சோளம் பூரா வீடு சேந்த பிறகுதான் கெளம்புவாரு."

"ஏன்டி இத்தன நாளா வாயத் தொறக்கல?"

"யாரு கேட்டீங்க? வேடிக்கை பாக்க ஆள் வந்தா வேலை கெடும்னு அப்பா மூச்சு விட மாட்டாரு. ஊர் கிளெம் மாமாவக் கூலியாள்னே நெனச்சுது." லவோன் சிரித்தாள். "உங்களப் பத்தியும் சொல்லுவாரு. 'வண்டிய நேரா நிறுத்தத் தெரியாதவனுக்கு யாருய்யா வேலை குடுத்தது'ன்னு எடை மேடைப் பொண்ணு கத்துச்சாம். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சாரு."

எடை மேடையில் நின்ற அந்த நாள் ஆர்லிஸுக்கு நினைவு வந்தது. நெட்டையான ஒரு மனிதர், சட்டையெங்கும் சோளத்தோகை, கண்வரை இழுத்துவிட்ட தொப்பி. "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி லாரியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி நிறுத்தினார். இதை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை; லாரி ஓட்டியவரே சொல்லாமல் லவோனுக்குத் தெரிந்திருக்காது. அப்படியும் பக்கத்துப் பண்ணைக் கிழவர் எர்வினிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தாள்.

விழாவன்று பலகையை மூடியிருந்த துணியை விலக்கியது லவோன். கை இழந்த நண்பர் மெல்வின் ஹாஃபின் சோளத்தை அறுக்கக் கிளெம் ராடிகன் ஆண்டுதோறும் இவ்வூருக்கு வந்தார் என்று பலகை சொன்னது. அக்டோபர் வேலையின் பாரம் தெரிந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

சாயங்காலம் டுவெய்ன் வெளியூர்க்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "பந்தடிக்க அவரு எந்த ஊருக்கு வேணா போயிருப்பாருங்க. சோளம் அறுக்க எங்க ஊருக்குத்தான் வந்தாரு. அவரையே திட்டினது யாரு தெரியுமா? அதோ, எங்க ஆர்லிஸ்!"

ஆர்லிஸின் முகம் சிவந்தது. ஆனாலும் தலை நிமிர்ந்தே இருந்தது.

"வண்டி கோணலாத்தான்டா நின்னுச்சு" என்றாள்.