கேட்டடியில் பசியாறியவள்

வாந்தி எடுத்து உயிர் பிழைத்தவள் நான். கேட்டால் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த நாளில், பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், முள்வேலிக்குள் குடியிருந்தோம். எனக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் ஊசி குத்தி, மாத்திரையோடு திருப்பி அனுப்பினார்கள். சளியில் கிருமி இல்லை என்று ஆகும்வரை மூன்று வயது மகளைத் தூக்கக்கூடாது, பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது. அடுத்த லயத்து வீட்டு வரிசையில் நாத்தனார் அவளை வளர்த்தாள். நான் தூரத்தில் நின்று கையாட்டுவேன். அவள் பதிலுக்கு நாக்கை நீட்டுவாள். அந்தப் பொல்லாத குட்டியைத் தூக்கவேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாத்திரையா அது? ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர், “காலையில பத்து மணிக்குப் பசியாறும்போது போடும்மா. வெறும் வயித்துல போட்டா குமட்டும்” என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பத்து மணிக்கு நான் வேலிக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருப்பேன். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பருக்கை சோறு கேட்டைத் தாண்டக்கூடாது. மாத்திரைக்கு டிரெசர் கொடுத்த சீட்டு இருந்தது. சோற்றுக்குச் சீட்டு கிடையாது.

வெறும் வயிற்றில்தான் போட்டேன். குடலே வாய்க்கு வந்துவிடும்போல் இருந்தது. மத்தியானச் சோற்றைப் பார்த்தாலே ஓடினேன். சேலை இடுப்பில் நிற்கவில்லை.

தோட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி உடும்புக்கறி என்றாள், இன்னொருத்தி ஆட்டுப்பால் என்றாள். நாத்தனார் டவுனில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த பாயிடம் ஒரு ஜாடி லேகியம் வாங்கிவந்தாள்.

“அண்ணி, இதத் தின்னுங்க. அந்த மாத்திரையத் தூக்கி வீசுங்க லா.”

தேனும் திப்பிலியுமாக இனித்தது. குமட்டவில்லை, பசித்தது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. வீட்டுக்காரருக்கும் தெரியாமல் தினமும் ஒரு கைப்பிடி மாத்திரையைத் துணியில் முடிந்து, வேலைக்காட்டில் ஒரு மரத்தடியில் புதைத்துவந்தேன். வீசியிருக்கலாம். ஆனால் மருந்தை வீசினால் பாவம் என்று ஒரு புத்தி.

பதினைந்தாம் நாள் ரோந்து போனவர்கள் அதைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். காட்டுக்காரர்களுக்கு யாரோ மருந்து கொடுக்கிறார்கள்! வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, வெள்ளைக்கார அதிகாரி அந்த மூட்டையைத் தூக்கிக் காட்டினார். என் பழைய ரவிக்கைத் துணி, சிவப்புப் பூ போட்டது. தோட்டத்துக்கே அந்தப் பூவைத் தெரியும். வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்தது. அந்தக் குற்றத்துக்குப் பிடித்துப்போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையைத் தூக்காமலே போய்விடுவேனோ என்று பயந்து வரிசையைவிட்டு முன்னே வந்தேன்.

“என்னோடதுதாங்க. போட்டா வாந்தி வருது, அதான் பொதைச்சேன்” என்றேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி நம்பவில்லை, பொய் என்றார்.

பொய்யா? எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, மண்ணை ஊதி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். “இருங்க, வரும்” என்றேன். நின்றோம். வெயில் ஏறியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். அப்போது வந்தது. பளபளவென்று துடைத்த அவருடைய பூட்ஸ்மேலேயே வந்தது. கிராணி அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

விட்டுவிட்டார்கள். டிரெசர் விடவில்லை. என்னைக் கையோடு பாய் கடைக்கு இழுத்துப்போனார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா, லேகியம் பசிக்குத்தானே குடுத்தேன்? நெஞ்சுல இருக்கிற பூச்சிய அதா கொல்லும்? மாத்திரைய நிறுத்துனா அடுத்த ஜாடி கெடையாது, ஆமா.” டிரெசர் ஜாடியை முகர்ந்துபார்த்துவிட்டு, லேகியம் இருக்கட்டும், மாத்திரை கட்டாயம் என்றார்.

சோற்றுக்கு வழி சொன்னது, கேட்டில் எங்களைச் சோதனை போடும் மலாய்க்காரக் காவலர். “அக்கா, சினி மாக்கான் லா” என்று கேட்டுக்கு உட்பக்கம் கிடந்த பெஞ்சைத் தட்டினார், இங்கேயே சாப்பிடு என்று. சோறுதானே வெளியே போகக்கூடாது? நான் உள்ளே வரலாமே! மறுநாளிலிருந்து பத்து மணிக்குப் புல்வெட்டுக் கத்தியோடு வந்து உட்கார்ந்துவிடுவேன். பொதுச் சமையல்கூடத்திலிருந்து கஞ்சி வரும். குடித்து, மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டவேண்டும். மாத்திரை உள்ளே போயிற்றா, சோறு வெளியே போகிறதா என்று அவர் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார். மகாராணிக்கு விருந்து நடக்குது என்று பெண்கள் கேலி செய்வார்கள். குமட்டல் அறவே போகவில்லை, ஆனால் மாத்திரை வயிற்றில் தங்கியது. நாத்தனார் தூரத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா சாப்பிடுவதைக் காட்டுவாள். அந்தக் கஞ்சிபோல் ருசி நான் இன்றுவரை கண்டதில்லை.

பல மாதம் கழித்துச் சளி சுத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லாரியிலிருந்து இறங்கி ஓட்டமாக ஓடினேன். மகள் வாசலில் நின்றாள். அம்மா வாந்தி எடுக்காத நாளில் வந்து தூக்குவாள் என்று நாத்தனார் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாளாம்.

“இன்னிக்கு வாந்தி எடுத்தியா?”

“இல்லடி.”

“நேத்து?”

“நேத்தும் இல்லடி, என் தங்கம்.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காவலரைப் போலவே இடுப்பில் கைவைத்து, “வாயத் தொற” என்றாள். மண்டியிட்டுத் திறந்தேன். நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.